அயல்நாட்டு அன்றாடமும் நம் பயண எழுத்தும்

தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து செல்வது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கமன்று. பினாங்கில் 1801ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. அத்துணை நெடிய பழக்கம் உடைய ஒரு சமுதாயத்தின் எழுத்தில் அயல்நாட்டு வாழ்வு எவ்வாறு பதிவாகியுள்ளது என்று ஆராயப் புகுந்தால், பிரிவுத் துயரம் முதலிடம் பெறுகின்றது. பொருளீட்டல் அடுத்த இடம் பெறுகின்றது. புனிதத் தலங்களைக் கண்ட பரவசம் அதற்கடுத்து வருகின்றது. அன்றாடம் என்ற ஒன்று மட்டும் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

அன்றாடம் என்று நாம் இங்கே குறிப்பது யாது? புதிய நாட்டில் கடைக்குச் சென்று ஒரு படி அரிசிக்கு நிகரானதை வாங்குதல், பேருந்தில் சீட்டெடுத்தல், வங்கியில் கணக்குத் தொடங்குதல், நோயுற்றால் மருத்துவரிடம் நேரம் பெறுதல், வண்டிக்குப் பெட்ரோல் நிரப்புதல் ஆகிய சிறு அலுவல்களே. இவை சிறியன என்பதாலேயே எழுதத் தகாதன என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அதனால் நம் இளைஞர்க்கும் குடும்பங்களுக்கும் இழப்பு நேர்கின்றது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குகைவாசிகளின் கடைத்தெரு

திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் குகைவாசிகளின் வரலாறு கூறப்பெறுகின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்த அவ்விளைஞர்கள் முதலில் செய்த செயல் யாது என்பதை வாசக அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்முள் ஒருவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அறியாமலேயே அவர்களுடைய ஊர் அவர்களுக்கு அயல்நாடாகிவிட்டிருந்தது. அங்குச் செல்பவர்க்கு அவர்கள் தந்தது ஒரு வெள்ளிக்காசு; சொல்லிய அறிவுரைகளுள் இரண்டு இவை. உணவுகளுள் மிகத் தூய்மையானது எதுவெனப் பார்த்து வாங்கி வர வேண்டும். மென்மையாக நடந்துகொள்ள வேண்டும். மென்மையைக் குறிக்கும் அச்சொல்லே எழுத்தெண்ணிக்கையில் திருமறையின் நடுவாக அமைவது என்று ஹாபிழ்கள் சொல்லி வருவது வழக்கம். பழைய அச்சுப் பிரதிகள் பலவற்றில் அதனைச் சிவப்பு மையில் காட்டியிருப்பதையும் காணலாம்.

இறைமறை இச்சிறு அலுவலை விட்டுவிடவில்லை. காசு, உணவு, கனிவு என்ற மூன்றையும் ஒரே வசனத்தில் வைத்துக் காட்டுகின்றது. காசு செல்லுமா? பொருள் தூயதா? நடத்தை மென்மையானதா? அயல்நாட்டில் காலடி வைக்கும் எவர்க்கும் இம்மூன்று வினாக்களே எழுகின்றன. ஆதலின் பயண இலக்கியத்தை அளக்க நாம் வேறு அளவுகோல் தேடிப் போக வேண்டுவதில்லை. ஒரு பயண நூல் இம்மூன்றையும் பற்றி நமக்கு என்ன சொல்லுகின்றது என்று கேட்டாலே போதும்.

முஹாஜிர்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். மக்காவைத் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ நல்வாழ்த்துக் கூறிவிட்டுக் கடைத்தெரு எங்கே என்று வினவினார்கள். பனூ கைனுகாவின் சந்தைக்குச் சென்று உலர்ந்த பாற்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள் என்பது புகாரீ தரும் செய்தி. புது நாட்டில் வேரூன்றுதல் கடைத்தெருவில் தொடங்குகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அரபு யாத்திரிகர்கள் தந்த முன்மாதிரி

அரபு மொழியின் பழைய பயண நூல்கள் அன்றாடத்தை ஒதுக்கவில்லை. 1183ஆம் ஆண்டு கர்னாத்தாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் பயணிகளை நிறுத்தி, மூட்டைகளைக் குலைத்து, இடுப்பில் ஒளித்ததையும் தடவிப் பார்த்த கொடுமையை விரிவாக எழுதியுள்ளார். கூட்ட நெரிசலில் பொருள்கள் காணாமற் போனதையும் அவர் மறைக்கவில்லை. சுல்தான் ஸலாஹுத்தீனின் புகழைப் பாடும் அதே நூல், அவருடைய சுங்கச் சாவடியில் எளியவர் பட்ட பாட்டையும் பாடுகின்றது. அதனாலேயே அப்புகழுரையை நாம் நம்புகிறோம்.

1325ஆம் ஆண்டு தஞ்சாவை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதாவை எடுத்துக்கொள்வோம். மாலத்தீவில் சோழி நாணயமாக வழங்கியதையும், சீனத்தில் காகிதப் பணம் வழங்கியதையும், நைந்த தாளைக் கொடுத்துப் புதுத்தாள் பெறும் முறையையும் அவர் எழுதுகின்றார். மலபார்க் கரையில் வழிநெடுகச் சிறு மர மண்டபங்கள் இருந்தன. கிணறும் நீர் தருபவரும் இருந்தனர். முஸ்லிம் வழிப்போக்கர்க்குப் பாத்திரத்தைத் தராமல் கையில் நீரை வார்த்தனர். உணவை வாழையிலையில் படைத்தனர். இவ்வளவையும் சினமோ ஏளனமோ இன்றி அவர் பதிவு செய்கின்றார். காசு, உணவு, கனிவு மூன்றுக்கும் அவரிடம் விடை உண்டு. மதுரை சுல்தான்களின் காலத்து மஃபரைப் பற்றி அவர் எழுதிய பகுதி இன்றும் நம் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுவது, அவர் அரசர்களைக் கண்டதால் மட்டுமன்று. சாலையையும் சந்தையையும் நோயையும் கண்டு எழுதியதாலுமாகும்.

நம் கவனத்துக்கு மிகவும் உரியவர் எகிப்தின் ரிஃபாஆ அத்தஹ்தாவீ. அல்அஸ்ஹரில் ஓதிய ஆலிம் இவர். முஹம்மது அலி பாஷா பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவிற்கு இமாமாக 1826ஆம் ஆண்டு சென்று, 1831ஆம் ஆண்டு வரை அங்கிருந்தார். அவருடைய பயண நூல் 1834ஆம் ஆண்டு வெளிவந்தது. மார்செயில் துறைமுகத்தில் தனித்து வைக்கப்பெற்ற நாள்களில், நாற்காலியில் அமர்ந்து மேசையில் உண்பதும், ஒவ்வொருவர்க்கும் தனித் தட்டும் தனிக் குவளையும் வைப்பதும், முள்ளும் கத்தியும் கொண்டு உண்பதும் அவருக்குப் புதுமையாக இருந்தன. காப்பிக் கடையின் நிலைக்கண்ணாடிகள் ஒரு கூட்டத்தைப் பல கூட்டமாகக் காட்டிய வியப்பையும் எழுதினார். நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் கற்ற ஓர் ஆலிம், சோற்றுத் தட்டைப் பற்றி எழுதுவது தம் கல்விக்கு இழுக்கு என்று கருதவில்லை. பிரஞ்சு அரசியலமைப்பை மொழிபெயர்த்துத் தந்த அதே நூலில் அதற்கும் இடமளித்தார். பின்னாளில் எகிப்திய மறுமலர்ச்சியின் முன்னோடி என அவர் போற்றப்பெற்றதற்கு இப்பார்வையும் ஒரு காரணம் என்போம்.

தமிழில் நிலை

தமிழ் இலக்கியத்தில் முயற்சியே இல்லை என்று கூறுவதற்கில்லை. சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு ஆசிரியராக இருந்து 1887ஆம் ஆண்டு முதல் நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ், குடியேறிய தமிழரின் நடைமுறை வாழ்வோடு ஒட்டி நடந்த ஏடு. அதில் உரையாடல் வடிவில் அவர் எழுதிய ‘வினோத சம்பாஷணை’யை அந்நாட்டுத் தமிழ்ப் புனைகதையின் தொடக்கமாகக் கருதுவோர் உளர். முஸ்லிமல்லாத எழுத்தாளருள், ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ.கே. செட்டியாரும், 1972ஆம் ஆண்டு வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யின் ஆசிரியர் ப. சிங்காரமும் இத்துறையில் நமக்கு ஆசான்கள். சிங்காரத்தின் நாவலில் மெடானின் தெருவும், பினாங்கின் கடையும், கிட்டங்கியின் நடைமுறையும் கதைமாந்தரைப் போலவே உயிருடன் உலவுகின்றன.

வளைகுடா வாழ்வைப் பற்றி எழுதியோருள் நாகூர் ஆபிதீனின் ‘உயிர்த்தலம்’ சிறுகதைத் தொகுதியும், மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ நாவலும் குறிப்பிடத்தக்கன. அந்நியன் என்ற பொருள்படும் அரபுச் சொல்லையே தலைப்பாக்கியதில் பின்னவரின் நோக்கு விளங்குகின்றது. மலையாளத்தில் பென்யாமின் 2008ஆம் ஆண்டு எழுதிய ‘ஆடுஜீவிதம்’ பெரும்புகழ் பெற்றது. அக்கதையின் பேரிடர் முழுவதும் எங்கே தொடங்குகின்றது? மொழியறியாத இருவர் ரியாத் விமான நிலையத்தில் காத்து நின்று, வந்தவர் தம் கஃபீல்தானா என்று கேட்டறிய வழியின்றி அவர் வண்டியில் ஏறிவிடுகின்றனர். ஒரு பெயரைப் படிக்கவும் ஒரு வினாவைக் கேட்கவும் இயலாமையே பாலைவனத்து அடிமை வாழ்வாக முடிகின்றது. அன்றாட அறிவு சிறுபொருளன்று என்பதற்கு அந்நாவலே போதிய சான்று.

எனினும் இவை விதிவிலக்குகள். நம் இதழ்களில் வரும் பொதுவான வளைகுடாக் கதை வேறு வகையானது. கணவன் போகிறான், மனைவி கடிதம் எழுதுகிறாள், பிள்ளை அத்தாவின் முகம் அறியாமல் வளர்கிறது, இறுதியில் ஒரு பெட்டி வருகின்றது, அல்லது ஒரு மையித் வருகின்றது. 1970களில் கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் பாடிய துபாய்க் கத்துப்பாட்டு வீடுதோறும் கண்ணீரை வரவழைத்தது. அக்கண்ணீர் உண்மையானது, அதை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் அரை நூற்றாண்டாக அதே கண்ணீரை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தால், அங்கே போன மனிதன் காலையில் எழுந்து என்ன செய்தான் என்பதை யார் எழுதுவது?

ஒரே ஒரு வகை நூல் மட்டும் நம்மிடையே அன்றாடத்தைத் தயங்காமல் கற்பித்து வந்துள்ளது. அது ஹஜ் வழிகாட்டி நூல். இஹ்ராம் துணியை எவ்வாறு முடிவது, செருப்பை எந்தப் பையில் வைப்பது, ஹரமின் எந்த வாயிலில் நுழைந்தோம் என்று அதன் எண்ணை ஏன் நினைவில் வைப்பது என்பனவற்றை அந்நூல்கள் துஆக்களுக்கு இடையிலேயே சொல்லும். இலக்கியம் என்று எவரும் அவற்றைப் பேசுவதில்லை. ஆனால் எழுபது வயதுத் தாய் ஒருவர் இலட்சக்கணக்கானோர் நடுவே வழிதப்பாமல் தங்குமிடம் திரும்பியது அந்நூல்களின் பயன். இதே பரிவு நம் பிற எழுத்துகளில் ஏன் இல்லை?

கரையும் உள்நாடும்

இக்குறை ஏன் நேர்ந்தது என்பதற்கு நம்மிடம் ஒரு விளக்கம் உண்டு. நம் பயண எழுத்தின் பெரும்பகுதி கரையோரத்தது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களில் சபர் என்பது தலைமுறை வழக்கம். சபராளியின் மகனும் சபராளி. எந்த ஊரில் எந்தக் கடை, எங்கே எப்படிப் பேச வேண்டும் என்பனவெல்லாம் திண்ணையிலும் விருந்திலும் காதோடு காதாக வழிவழி வந்து சேர்ந்தன. ஆகவே அங்குள்ள எழுத்தாளர் அதனை எழுத வேண்டிய தேவையை உணரவில்லை. யாவரும் அறிந்ததை எழுதுவானேன் என்று விட்டனர்.

உள்நாட்டு நிலை வேறு. சேலம், நாமக்கல் சமவெளியில், சுவேத நதிக்கரையில் உள்ள நம் கெங்கவல்லி போன்ற ஊர்களில் முஸ்லிம் வீடுகள் சிலவே. ஆத்தூர்ச் சந்தையும் தம்மம்பட்டிச் சாலையும் மரவள்ளிக் காடும் நமக்குப் பழக்கம், துறைமுகம் பழக்கமன்று. இப்பகுதியார் வெளியூர் போகாதவர் அல்லர். நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியும் இந்தியா முழுவதும் சுற்றுகின்றன. எந்த மாநிலத்துப் பெட்ரோல் பங்கிலும் நம் ஓட்டுநர் தயங்காமல் இறங்குவார். ஆனால் கடல் கடந்த வாழ்வுக்கு இங்கே முதல் தலைமுறை இப்போதுதான் புறப்படுகின்றது. பொறியியல் படித்த பையனும், கணவனோடு குடிபெயரும் பெண்ணும் கேட்டறியத் திண்ணை இல்லை. சொல்லித் தரச் சபராளி மாமா இல்லை. அவர்களுக்கு எழுத்துதான் திண்ணை. அந்த எழுத்து அவர்களிடம் கண்ணீரை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கின்றது.

பெட்ரோல் நிலையம் என்ற பாடம்

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நம் நாட்டில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் ஊழியர் வருவார், பூஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார், நிரப்புவார், பணத்தை வாங்கிச் சில்லறை தருவார். நாம் வண்டியை விட்டு இறங்காமலும் இருக்கலாம். மேலை நாடுகளில் பெரும்பாலும் இவ்வாறில்லை. 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒருவர் வாடிக்கையாளர் தாமே நிரப்பிக்கொள்ளும் நிலையத்தைத் திறந்தார். விலை குறைந்தது, கூட்டம் பெருகியது. 1961ஆம் ஆண்டு இலண்டன் சதக் பாலத்தருகே அம்முறை பிரிட்டனுக்கும் வந்தது. இன்று அந்நாடுகளில் அதுவே வழக்கம்.

புதிதாகச் செல்பவர்க்கு இங்கே குகைவாசியின் மூன்று வினாக்களும் எழுகின்றன. முதலாவது காசு. பிரிட்டனில் பல நிலையங்களில் முதலில் நிரப்பிவிட்டு, உள்ளே சென்று குழாயின் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் பணம். பிறகே குழாய் ஓடும். அட்டையைச் செருகினால் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணை இயந்திரம் கேட்கும். நம் நாட்டு வங்கி அட்டைக்கு அவ்வெண் ஏது? அட்டையில் பணம் இருந்தும் அது செல்லாக் காசாகிறது. குகைவாசியின் வெள்ளிக்காசு கடைக்காரரைத் திகைக்க வைத்ததாக விரிவுரையாளர்கள் கூறுவது நினைவுக்கு வரும். உள்ளே சென்று, இன்ன எண் குழாயில் இத்தனை டாலருக்கு என்று சொல்லி முன்பணம் கட்டினால் காரியம் முடிந்தது. குறைவாக நிரம்பினால் மீதி திரும்பும். அளவும் அங்கே லிட்டர் அன்று, கேலன். ஒரு கேலன் ஏறத்தாழ 3.785 லிட்டர்.

இரண்டாவது, தூய்மையானதைத் தெரிதல். வண்டிக்கு உரிய எண்ணெய் எதுவெனக் காணல். பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி பெட்ரோலுக்கும் கறுப்பு டீசலுக்கும் உரியன. அமெரிக்காவிலோ பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசலைக் குறிக்கும். பெயர்களும் மயக்கும். நமக்கு ‘கேஸ்’ என்றால் அடுப்பங்கரைச் சிலிண்டர். அமெரிக்கர்க்கு அது பெட்ரோல். அரபு நாடுகளில் பெட்ரோலின் பெயர் பன்ஸீன். பிரான்ஸில் பெட்ரோலுக்கு ‘எஸ்ஸான்ஸ்’. ‘கஸோல்’ என்று எழுதியிருப்பதோ டீசல். அமெரிக்கப் பழக்கத்தோடு அங்குச் செல்பவர் ஒலி ஒற்றுமையில் ஏமாந்தால் எஞ்சின் பாழாகும். ஆகவே நிறத்தையும் ஒலியையும் நம்பாமல் எழுத்தைப் படித்தே எடுக்க வேண்டும். இதே கண்தான் அங்காடியில் ரொட்டிப் பொதியைப் புரட்டி, ஜெலட்டினும் விலங்குக் கொழுப்பும் உண்டா என்று பொடியெழுத்தைப் படிக்கும் கண். ஹலால் பேணுதல் என்பது நமக்கு ஊரில் கசாப்புக் கடைக்காரர் மேல் வைத்த நம்பிக்கையாக இருந்தது. அங்கே அது படிப்பறிவாக மாறுகின்றது. இம்மாற்றத்தை எந்த நாவல் எழுதியது?

மூன்றாவது கனிவு. நம்பின் வரிசை நிற்பது, கதவைப் பின்வருபவர்க்காகப் பிடித்திருப்பது, காசாளரிடம் முதலில் முகமன் கூறிப் பின் கேட்பது, நன்றி சொல்வது ஆகியன அங்கே அன்றாட மரியாதை. பணம் கொடுத்தேன், பொருள் எடுத்தேன் என்று நிற்பவரை அவர்கள் முரடர் என்பர். ஸலாமை முந்திச் சொல்லப் பணிக்கப்பெற்ற சமுதாயத்திற்கு இது அயலான ஒழுக்கமன்று.

தானே செய்தலும் பிறரைக் கேட்டலும்

இனி, இவ்வன்றாடத்தின் உள்ளே ஓர் அறவினாவும் மறைந்துள்ளது. தன் வேலையைத் தானே செய்துகொள்வது உயர்வா, தாழ்வா? ஊரில் வசதியுள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளை, குளிர்க்காற்றில் இறங்கி எண்ணெய்க் குழாயைக் கையில் பிடிக்கும்போது, தன் தகுதி குறைந்ததாக நினைப்பதுண்டு. அவருக்கு நாம் நினைவூட்ட வேண்டுவது முஸ்லிமில் அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கும் செய்தி. மக்களிடம் எதையும் கேட்பதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி தந்த தோழர்களுள் சிலர், தம் சாட்டை கீழே விழுந்தாலும் அதை எடுத்துத் தருமாறு எவரையும் கேட்டதில்லை. அண்ணலார் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என்பதை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். தன்கைச் சேவை மேலை நாட்டார் கண்டுபிடித்த நாகரிகம் என்று நாம் மலைக்க வேண்டுவதில்லை. அது நம் வீட்டுப் பழஞ்சொத்து.

நிற்க. கேட்காமை என்பதை நாம் பிழைபட உணரலாகாது. கையுதவி கேட்பது வேறு. அறிவைக் கேட்பது வேறு. முன்னதை ஒழிப்பது மானம்; பின்னதை ஒழிப்பது அறியாமை. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவர்க்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய இடமுண்டா என்று உடன்சென்றோரைக் கேட்டார். இல்லை என்றனர். குளித்தார், இறந்தார். அறியாதபோது கேட்டிருக்கலாகாதா, அறியாமைக்கு மருந்து கேட்டல் அன்றோ என்று நபிகளார் கடிந்தார்கள். அறியாத ஊரில் கேட்க வெட்கப்பட்டு நிற்பவனும், அறிந்தும் சொல்லாதிருக்கும் எழுத்தாளனும் இக்கண்டிப்பின் நிழலில் நிற்கின்றனர்.

மறுபுறமும் உண்டு. தானே நிரப்பும் முறை வந்த இடத்தில் நிரப்பித் தந்தவர் என்ன ஆனார்? அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1949ஆம் ஆண்டு சட்டத்தால் தன்கைச் சேவையைத் தடுத்தது. ஊழியரே அங்கு நிரப்புகின்றனர். ஓரிகன் 1951ஆம் ஆண்டு தடுத்து, 2023ஆம் ஆண்டு விலக்கியது. அபூதாபியில் 2018ஆம் ஆண்டு அத்னாக் நிலையங்களில், தானே நிரப்பினால் கட்டணமில்லை, ஊழியர் நிரப்பினால் 10 திர்ஹம் என்ற முறை புகுத்தப்பெற்றது. வளைகுடாவில் குழாயைப் பிடித்து நின்ற அந்த ஊழியர் யார்? பெரும்பாலும் நம் நாட்டவரும் அண்டை நாட்டவருமே. பகாலாவின் வாசலில் வண்டியை நிறுத்தி ஒலியெழுப்பினால், வெயிலில் ஓடி வந்து பட்டியலைக் கேட்டுப் பொருளைக் கொண்டு தருபவரும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இவ்விடத்தில்தான் நம் எழுத்துக்கு மிகப் பெரிய வாய்ப்பு இருக்கின்றது. அதை நாம் தவறவிட்டிருக்கிறோம். உலகில் ஒரு சில சமுதாயங்களே அன்றாடத்தின் இரு பக்கத்திலும் நிற்கின்றன. ஒரு தம்பி ஷார்ஜாவில் ஒலி கேட்டு ஓடுகின்றான். அவன் தங்கை டொரண்டோவில் தானே குழாயைப் பிடிக்கின்றாள். அவர்கள் தந்தை ஆத்தூர்ச் சாலைப் பங்கில் வண்டியில் அமர்ந்தபடியே சாவியை நீட்டுகின்றார். மூவரும் ஒரே வீட்டார். ஓடியவன் விடுமுறையில் ஊர் வந்து, பங்க் ஊழியனை ‘டேய்’ என்று அழைத்து ஓடச் செய்கின்றானா, அல்லது இறங்கிச் சென்று ஸலாமோ வணக்கமோ சொல்கின்றானா? பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள் என்ற நபிமொழியை மிம்பரில் கேட்பது எளிது. அது மனிதனில் படிந்ததா என்று அறிய வேண்டுமாயின் அவனைப் பெட்ரோல் பங்கில் பார்க்க வேண்டும். நாவலாசிரியர்க்கு இதனினும் நல்ல காட்சி கிட்டுமா?

ஒரு மறுப்புக்கு விடை

பொத்தானை அமுக்குவதும் அட்டையைச் செருகுவதும் கையேடுகளின் வேலை, இலக்கியத்தின் வேலையன்று என்று சிலர் மறுக்கலாம். இயந்திரம் மாறும்; எழுதியது பழசாகும் என்றும் கூறலாம். நாம் இதை ஏற்பதற்கில்லை. இப்னு பதூதா கண்ட சோழி இன்று செல்லாது. அலெக்சாந்திரியாவின் அச்சுங்கச் சாவடி இன்றில்லை. ஆயினும் அப்பக்கங்கள் வாழ்கின்றன. ஏனெனின், அறியாத ஊரின் நடைமுறைக்கு முன் ஒரு மனிதன் தன் மானத்தையும் மார்க்கத்தையும் எவ்வாறு காத்துக்கொண்டான் என்பதை அவை காட்டுகின்றன. கையேடு எந்தப் பொத்தான் என்று சொல்லும். பின்னால் நான்கு வண்டிகள் காத்திருக்க, மொழி தடுமாற, கேட்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் அந்த ஐந்து நிமிடத்தை எழுத்தாளரே சொல்ல முடியும்.

மேலும் ஒன்று. நம் பயண எழுத்து இதுவரை ஆண்களின் எழுத்தாகவே பெரிதும் இருந்துள்ளது. ஊரில் கடைத்தெருவே செல்லாத பெண், அயல்நாட்டில் வண்டி ஓட்டக் கற்று, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, எண்ணெய் நிரப்பி, பொடியெழுத்துப் படித்துப் பொருள் வாங்கி, வீடு திரும்புகின்றாள். ஹிஜாபுடன் அவள் செய்யும் இவ்வலுவல்கள் அவளிடத்தில் எத்தகைய துணிவை வளர்த்தன, எத்தகைய தனிமையை விளைத்தன என்பதை அவளே எழுதினாலன்றி எவரும் அறியார். ஊரில் உள்ள மாமியும் நாத்தியும் அவள் அனுப்பும் ஒளிப்படத்தில் பனியைத்தான் காண்கின்றனர். இந்த இதழின் பக்கங்கள் அவளுக்காகத் திறந்திருத்தல் வேண்டும்.

ஆதலின் அயல்நாட்டில் வாழும் நம் அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. கோபுரங்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றி எழுதுங்கள், தடையில்லை. அவற்றோடு, முதல் வாரத்தில் நீங்கள் காசை எப்படிக் கொடுத்தீர்கள், உணவை எப்படித் தெரிந்தீர்கள், தெரியாததை யாரிடம் எவ்வாறு கேட்டீர்கள், கேட்டபோது அவர் எவ்வாறு விடை தந்தார் என்பனவற்றையும் எழுதுங்கள். எழுத்தாளராக இருக்க வேண்டுவதில்லை. வீட்டுக்கு எழுதுவது போல எழுதினால் போதும். கெங்கவல்லியிலும் அதைப் போன்ற நூறு ஊர்களிலும் அடுத்து விமானம் ஏறக் காத்திருக்கும் பிள்ளைகளின் கையில் அது சேரட்டும். எல்லாம் வல்ல அல்லாஹ், சபரில் இருப்போர் அனைவரையும் நலமுடன் காத்து, நலமுடன் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.